சுவரில் தொலைக்காட்சி பொருத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரிலும், உப்புவெளி, நிலாவெளி, தம்பலகாமம், கிண்ணியா போன்ற அயல் ஊர்களிலும் வீட்டு மின்வேலைக்காகச் செல்லும் இடங்களில், தட்டைத் தொலைக்காட்சியைச் சுவரில் பொருத்துவது பற்றி ஒரே ஐயங்கள் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, எளியவை முன்னும் சிக்கலானவை பின்னுமாக இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே வலியுறுத்த விரும்புகிறேன். அநேகமானோர் தொலைக்காட்சியின் அளவை வைத்தே யோசிக்கத் தொடங்குகிறார்கள். உண்மையில் முதலில் பார்க்க வேண்டியது சுவரை.

1. மேசையில வைச்சாலே போதும்தானே, ஏன் சுவரில மாட்டணும்?

மேசையில் வைப்பது தவறில்லை. ஆனால் இக்காலத் தொலைக்காட்சிகள் அகலமும் உயரமும் மிகுந்தவை. தடிப்போ மிகக் குறைவு. நிற்பதும் இரண்டு சிறு கால்களில்தான். நடைபழகும் பிள்ளை மேசையைப் பிடித்து எழுந்தாலோ, லாச்சியை இழுத்து அதில் கால் வைத்து ஏறினாலோ, முழுத் திரையும் முன்பக்கமாகப் பிள்ளையின் மேல் கவிழக்கூடும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் சுவரில் சரியாகப் பொருத்திவிடுவதே பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து.

சுவரில் பொருத்த முடியாத நிலையில், தொலைக்காட்சியின் பின்புறத் துளைகளில் ஒரு பட்டியைப் பூட்டி, அதன் மறுமுனையைச் சுவரில் ஒரு கொளுக்கியுடன் இறுகக் கட்டிவிடலாம். கவிழ்வதைத் தடுக்க இதுவே போதுமானது.

2. கடையில மூண்டு விதமான பிராக்கெற் காட்டினாங்கள். எதை வாங்கிறது?

சுவரோடு ஒட்டி அசையாமல் நிற்பது, மேலும் கீழும் சிறிது சாய்வது, கைபோல் நீண்டு பக்கவாட்டிலும் திரும்புவது என அவை மூன்று வகைப்படும். பெரும்பாலான வீடுகளுக்கு முதல் இரண்டில் ஒன்றே போதும். உட்கார்ந்த கண்மட்டத்தில் பொருத்த முடிந்தால் அசையாத தாங்கி (பிராக்கெற்றைத்தான் தாங்கி என்கிறேன்). கட்டிலில் படுத்துப் பார்ப்பதற்கோ, ஏதோ காரணத்தால் உயரத்தில் பொருத்த நேர்ந்தாலோ, சாய்க்கக்கூடிய தாங்கி.

நீளும் கையுள்ள தாங்கி பார்வைக்கு வசதியாகத் தெரிந்தாலும், சுவரின் மேல் அது ஏற்றும் சுமை முற்றிலும் வேறானது. அதன் கணக்கை 17ஆம் கேள்வியில் தந்திருக்கிறேன்; அதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

3. என்ட ரீவிக்கு இந்தப் பிராக்கெற் சரி வருமா எண்டு எப்படிப் பார்க்கிறது?

தொலைக்காட்சியின் பின்புறத்தில் சதுரமாகவோ நீள்சதுரமாகவோ நான்கு திருகாணித் துளைகள் இருக்கும். அவற்றின் இடைவெளி வெசா என்ற பொது நியமத்தைப் பின்பற்றுகிறது. அகலத்தையும் உயரத்தையும் மில்லிமீற்றரில் அளந்தால் 100×100, 200×100, 200×200, 400×200, 400×400 போன்ற ஓர் இணை கிடைக்கும். அந்த இணை தாங்கியின் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அதோடு தாங்கி எத்தனை கிலோகிராம் சுமக்கும் என்பதும் எழுதியிருக்கும். உங்கள் தொலைக்காட்சியின் நிறையைவிட அது தாராளமாக அதிகமாக இருக்கட்டும். 32 அங்குலத் திரை பொதுவாக 4 முதல் 6 கிலோகிராம், 43 அங்குலம் 7 முதல் 10, 55 அங்குலம் ஏறக்குறைய 14 முதல் 18 வரை இருக்கும்.

திருகாணியில் கவனம் வேண்டும். சிறிய திரைகளுக்குப் பெரும்பாலும் எம் 4 (4 மில்லிமீற்றர் விட்டம்), பெரியவற்றுக்கு எம் 6 அல்லது எம் 8. விட்டம் சரியாக இருந்தாலும் நீளம் தவறலாம்: அளவுக்கு மேல் நீளமானது உள்ளே போய் மின்சுற்றுப் பலகையையோ திரையையோ குத்திவிடும், குட்டையானது இரண்டு சுற்றில் நின்றுவிடும். முதலில் கையாலேயே திருகிப் பாருங்கள். ஐந்தாறு சுற்று இலேசாகப் போய், பின் தாங்கியின் தகடு இறுக வேண்டும். அதற்கு முன்பே திருகாணி முட்டி நின்றால் மேலும் அழுத்தாமல் குட்டையானதை எடுங்கள். பின்புறம் குழிந்திருந்தால், பெட்டியில் வரும் பிளாஸ்திக் குழல்களை இடையில் வைக்க வேண்டும்.

4. எவ்வளவு உயரத்தில மாட்டணும்? எல்லாரும் கதவு நிலைக்கு மேலதானே மாட்டி இருக்கிறாங்கள்.

கதவு நிலைக்கு மேலே பொருத்தும் வழக்கம் பரவலாக இருந்தாலும் அது கழுத்துக்கு நல்லதல்ல. வழமையாக உட்காரும் கதிரையில் உட்கார்ந்து, இன்னொருவரைக் கொண்டு நிலத்திலிருந்து உங்கள் கண்வரை அளந்து பாருங்கள். அநேகமாக 40 முதல் 42 அங்குலம் வரும். திரையின் நடுப்பகுதி அந்த மட்டத்திலோ சற்று மேலேயோ இருப்பது போதும். 43 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 21 அங்குலம்; அதன்படி கீழ் விளிம்பு நிலத்திலிருந்து 31 அல்லது 32 அங்குலத்தில் வரும். பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கும் குடும்பமானால் இன்னும் சிறிது இறக்கலாம். தவழும் பிள்ளையின் கைக்கு எட்டக்கூடாது என்பதற்காக உயர்த்தினால், சாய்க்கும் தாங்கியைப் பயன்படுத்துங்கள்.

குறியிடும்போது பலர் தவறுவது ஓரிடத்தில்தான். பின்புறத்து நான்கு துளைகளும் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் நடுவில் இருப்பதில்லை. சிலவற்றில் நன்றாகக் கீழே இறங்கியிருக்கும். ஆகவே கீழ் விளிம்பிலிருந்து அத்துளைகள் எவ்வளவு உயரத்தில் உள்ளன என்று அளந்து, அதற்கேற்பச் சுவரில் குறியிடுங்கள்.

5. எங்கட ஹோல் சின்னது. 55 அங்குலம் வாங்கலாமா?

திரையின் மூலைவிட்ட அளவை 1.6 ஆல் பெருக்கினால், நல்ல பார்வைத் தூரம் ஏறக்குறையக் கிடைக்கும். 55 அங்குலத்துக்கு அது ஏழு அடிக்குச் சற்று மேல்; 43 அங்குலத்துக்கு ஐந்தே முக்கால் அடி. கதிரை அந்தத் தூரத்தில் இருந்தால் வாங்கலாம். சுவரில் பொருத்துவதால் மேசையின் அகலம் மிச்சமாகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

6. சுவர் செங்கல்லா, புளொக்கா எண்டே எங்களுக்குத் தெரியாது. வீடு வாங்கினதுதான். எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் முதலில் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். சுவர் பூசி நிறம் அடித்த பின் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். உள்ளே இருப்பது வேறு வேறு. யன்னலடியில் சுவரின் தடிப்பை அளப்பது முதல் வழி. பூச்சுடன் சேர்த்து ஐந்து அங்குலம் அளவில் இருந்தால் அது 4 அங்குலக் கல். ஒன்பது, பத்து அங்குலம் இருந்தால் பெரும்பாலும் இரட்டைச் செங்கல் அல்லது 8 அங்குல புளொக், அதாவது சீமெந்துக் கல். 4 அங்குல சீமெந்துக் கற்கள் பெரும்பாலும் திடமானவை. 6, 8 அங்குலக் கற்கள் பெரும்பாலும் உள்ளே குழிவானவை. கூரைக்குள் ஏற முடிந்தால், பூசப்படாத மேற்பகுதியை நேரிலேயே பார்த்துவிடலாம்.

உறுதியாக அறியும் வழி ஒரு சோதனைத் துளை. தொலைக்காட்சி மறைக்கப்போகும் இடத்தில், 6 மில்லிமீற்றர் பிற்றால் (ட்ரில்லில் மாட்டும் துளைமுனை), ட்ரில்லின் அடித்துத் துளைக்கும் நிலையை நிறுத்திவிட்டு, மெதுவாகத் துளையுங்கள். முதலில் வருவது பூச்சின் தூள். அதன்பின் சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத்தில் மணல்போல் வந்தால் சீமெந்துக் கல். சாம்பல் நிறத்தில் மாவாக வந்து, பிற் மிகக் கடினமாக நகர்ந்தால் கொங்கிறீற். ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் போனதும் பிற் திடீரென உள்ளே விழுந்தால் கல் குழிவானது.

அந்தத் துளையிலேயே பூச்சின் தடிப்பையும் அளந்துகொள்ளுங்கள். பூச்சுக்குப் பிடிமானம் கிடையாது. திருகாணியின் பிடியைப் பூச்சு முடிந்த இடத்திலிருந்துதான் கணக்கிட வேண்டும்.

7. புளொக் கல் சுவர். உள்ளுக்குள்ள ஓட்டையாம். ரீவி நிக்குமா, விழுமா?

நிற்கும், ஆனால் பெட்டியோடு வரும் சாதாரண றோல் பிளக்கை (திருகாணிக்காகத் துளைக்குள் செருகும் பிளாஸ்திக் குழல்) அப்படியே அடித்துவிட்டால் நிற்காது. யுத்தத்துக்குப் பின்னும், 2004ஆம் ஆண்டுக் கடற்கோளுக்குப் பின்னும் மாவட்டத்தில் எழுந்த வீடுகளில் புளொக் கல் மிகுதி. குழிவான கல்லின் முன் ஓடு ஓர் அங்குலத்தை ஒட்டிய தடிப்பே உடையது. பிளக் விரிந்து இறுகுவதற்குச் சுற்றிலும் திடப்பொருள் வேண்டும். அதன் பாதி நீளம் வெற்றிடத்தில் நின்றால் எதைப் பிடிக்கும்? இறுக்கும்போது துளைக்குள் விரியும் இரும்பு விரிபோல்ட் இன்னும் மோசம். அதை இறுக்க இறுக்க மெல்லிய ஓடு வெடித்துப் பிளக்கும்.

குழிவான கல்லுக்கென்றே உள்ள பொருத்திகளைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே போய்ச் சிறகுபோல் விரிந்து, ஓட்டின் பின்புறத்தில் அணைந்து நிற்கும் போல்ட் ஒரு வகை. துளைக்குள் வலைக்குழல் ஒன்றைச் செருகி, அதில் இரசாயனப் பசையை நிரப்பி, அது இறுகும் முன் போல்ட்டைச் செலுத்துவது இன்னொரு வகை. பசை வலையின் வழியே பிதுங்கிக் குழிவுக்குள் கட்டியாக இறுகிவிடுவதால் பிடி மிக நன்றாக இருக்கும். ஆனால் பெட்டியில் சொன்ன நேரம் முழுவதும் காத்திருக்க வேண்டும். 43 அங்குலத்துக்கு மேற்பட்ட திரைக்கு, சுவரின் மறுபக்கம் உங்கள் சொந்த அறையாகவே இருந்தால், போல்ட்டை முழுச் சுவரிலும் ஊடுருவச் செய்து, மறுபக்கத்தில் அகலமான இரும்புத் தகடு வைத்து நட் இறுக்குவதையே நான் விரும்புகிறேன். அழகுக்கு அங்கே ஒரு படத்தை மாட்டி மறைத்துவிடலாம்.

மூன்றாவது வழியும் உண்டு. முக்கால் அங்குலத்துக்குக் குறையாத நல்ல மரப்பலகையொன்றை, பல கற்களின் மேல் பரவுமாறு எட்டுப் பத்து இடங்களில் சுவருடன் பூட்டி, தாங்கியை அந்தப் பலகையில் பொருத்தலாம். கல் தரமற்று, விரலால் சுரண்டினாலே மணல் உதிரும் சுவர்களுக்கு இது பொருந்தும்.

8. தாத்தா காலத்து வீடு, சுண்ணாம்புச் சுவர். ட்ரில் வைச்சா மண்ணாக் கொட்டுது. என்ன செய்யிறது?

சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய பழைய வீடுகளில் சுவர் தடிப்பாக இருந்தாலும் மேற்பகுதி மென்மையானது. பூச்சு மட்டுமே ஓர் அங்குலத்தைத் தாண்டலாம். இரண்டு அங்குலப் பிளக் அங்கே பாதிக்கு மேல் பூச்சிலேயே நிற்கும். மூன்று, நான்கு அங்குல நீளமான பிளக்கை வாங்கி, அடித்துத் துளைக்கும் நிலையை நிறுத்திவிட்டுத் துளையுங்கள். கல்லும் கல்லும் சேரும் சாந்து வரியைத் தவிர்த்து, செங்கல்லின் நடுவில் துளை விழ வேண்டும். சாந்து வரியில் விழுந்துவிட்டால்தான் மண் நிற்காமல் கொட்டும். அப்போது ஓரிரு அங்குலம் மேலோ கீழோ நகருங்கள். 7ஆம் கேள்வியில் சொன்ன இரசாயனப் பசையும் பழஞ்சுவருக்கு ஏற்றது. அது கல்லை விரித்து அழுத்துவதில்லை. தட்டிப் பார்க்கும்போது பூச்சு வெற்றோசை எழுப்பினால், அந்த இடத்தில் பூச்சு சுவரை விட்டு விலகியிருக்கிறது. அங்கே எதையும் மாட்டாதீர்கள்.

9. கொங்கிறீற் தூணில மாட்டினா இன்னும் பலம்தானே?

பிடிமானம் சிறப்பாக இருக்கும். ஆனால் உள்ளே கம்பி ஓடுகிறது. பிற் முன்னேறாமல் நின்று, மின்னும் இரும்புத் துகள் வந்தால், அழுத்துவதை நிறுத்தி இரண்டு அங்குலம் தள்ளித் துளையுங்கள். வீட்டைத் தாங்கும் கம்பியை அறுக்க வேண்டாம். தாங்கியின் தகட்டில் நீண்ட பிளவுகள் தரப்பட்டிருப்பது இப்படி நகர்த்துவதற்காகவே. விரிபோல்ட் போடுவதானால் தூணின் விளிம்பிலிருந்து மூன்று, நான்கு அங்குலமாவது உள்ளே போடுங்கள். விளிம்பை ஒட்டினால் கொங்கிறீற் உடைந்து தெறிக்கும்.

10. துளை போடுறதுக்கு முறை இருக்கா, சும்மா போட்டா சரியா?

முறை உண்டு. தாங்கியின் தகட்டைச் சுவரில் வைத்து, ரசமட்டத்தால் கிடைமட்டம் பார்த்து, பென்சிலால் குறியிடுங்கள். பிற்றின் விட்டம் பிளக்கின் விட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். 10 மில்லிமீற்றர் பிளக்குக்கு 10 மில்லிமீற்றர் பிற். முதலில் 6 மில்லிமீற்றரில் வழி திறந்து, பிறகு பெரியதைப் போட்டால் துளை கோணாது. எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த இடத்தில் பிற்றின் மேல் ஒரு நாடாவைச் சுற்றிக்கொள்ளுங்கள். திடமான செங்கல்லுக்கும் கொங்கிறீற்றுக்கும் மட்டும் அடித்துத் துளைக்கும் நிலை. மாபிள் பதித்த சுவரானால், மாபிளைக் கடக்கும்வரை அந்த நிலை கூடவே கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள்.

துளைக்குள் தங்கும் தூளை வெளியேற்றாமல் விடுவது பெரும்பிழை. தூள் பிளக்குக்கும் சுவருக்கும் இடையில் உருளைபோல் நின்று, பிடியைக் குறைத்துவிடும். சிறு குழாயாலோ சைக்கிள் பம்பாலோ ஊதி வெளியேற்றுங்கள். பிளக் சுத்தியலின் இலேசான தட்டுக்கு உள்ளே போக வேண்டும். விரலால் தள்ளியதும் நழுவிப் போனால் துளை பெரிது. தகட்டைப் பூட்டி முடித்ததும், தொலைக்காட்சியை ஏற்றுவதற்கு முன், தகட்டின் மேல் விளிம்பை இரு கையாலும் பிடித்து, உங்கள் உடற்பாரத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து இழுத்துப் பாருங்கள். சிறிதும் அசையக்கூடாது. தொலைக்காட்சியைத் தூக்கி மாட்டுவதற்கு இருவர் தேவை. மாட்டியதும் கீழுள்ள பூட்டுத் திருகாணியை அல்லது இழுகயிற்றுப் பூட்டை மறக்காமல் பூட்டுங்கள்.

11. சுவருக்குள்ள வயர் போகுதே, ட்ரில் அதில பட்டா?

பட்டால் உயிராபத்து. இலங்கை வீடுகளில் வயர் பெரும்பாலும் கூரைப் பக்கத்திலிருந்து நேராகக் கீழிறங்கி சுவிட்சுக்கோ பிளக் பொயின்றுக்கோ வருகிறது. சில வீடுகளில் பொயின்றிலிருந்து பொயின்றுக்குக் கிடையாகவும் ஓடுகிறது. ஆகவே ஒவ்வொரு சுவிட்சுக்கும் பொயின்றுக்கும் நேர் மேலும், நேர் கீழும், நேர் பக்கமும் உள்ள பட்டையில் துளைக்கக்கூடாது. சுவரின் மறுபக்கத்து அறையின் சுவிட்சுகளையும் பாருங்கள். அவற்றின் குழாய் உங்கள் பக்கத்தை ஒட்டியும் போயிருக்கலாம். குளியலறைக்கு அடுத்த சுவரானால் தண்ணீர்க் குழாயும் இருக்கும்.

வயர் காட்டும் சிறு கருவி கிடைத்தால் உதவும், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். இயன்றால் பிரதான சுவிட்சை நிறுத்திவிட்டு, பற்றரி ட்ரில்லால் துளையுங்கள். மின்கசிவில் தானே மின்னை நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதை அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி முன்பே பார்த்துவிடுங்கள்.

12. வயர் ஒண்டும் வெளியில தெரியக்கூடாது. சுவரை வெட்டி உள்ளுக்குள்ள விட்டுப் பூசிடலாமா?

தொலைக்காட்சியோடு வரும் மின்வயரை அப்படியே சுவருக்குள் புதைத்துப் பூசுவதை யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அது திறந்த வெளியில் பயன்படுத்துவதற்கான மென்வயர். பூச்சுக்குள் சேதமானால் கண்டறியவோ மாற்றவோ முடியாது. தகுதியுள்ள மின்னிணைப்பாளரைக் கொண்டு, குழாய்க்குள் முறையான வயர் இழுத்து, திரை மறைக்கும் இடத்தில் 13 அம்பியர் சதுரமுள் பொயின்ற் ஒன்றை வைப்பதே முறை. பழைய வீட்டில் இன்னும் வட்டமுள் பொயின்ற் இருந்தால், இந்தச் சந்தர்ப்பத்திலேயே மாற்றிவிடுங்கள். 13 அம்பியர் பிளக்குக்குள் இருக்கும் பியூஸ் தொலைக்காட்சிக்கு 3 அம்பியரே போதும்; 230 வோல்ற்றில் வீட்டுத் தொலைக்காட்சி ஓர் அம்பியரைக்கூட எட்டாது.

பொயின்ற் தாங்கிக்கு நேர் பின்னால் வந்தால் பிளக்கைச் செருக இடமிருக்காது. அசையாத தாங்கி சுவருக்கும் திரைக்கும் இடையில் ஓரங்குலமளவே விடுகிறது. ஆகவே பொயின்ற்றைத் தாங்கியின் பக்கவாட்டில் வையுங்கள். எச்.டி.எம்.ஐ, அன்ரெனா வயர்களுக்கு வேறொரு குழாய், ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாமல் வேண்டும். அதற்குள் ஓர் இழுநூலையும் விட்டுவைத்தால், நாளை புதிய வயர் இழுக்கச் சுவரை வெட்ட வேண்டியிராது. சுவரை வெட்ட விருப்பமில்லாதவர்களுக்குப் பூச்சின் மேல் ஒட்டும் பிளாஸ்திக் மூடுகுழல் போதும். சுவரின் நிறத்தையே அதற்கும் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது.

13. இடி இடிக்கேக்க பிளக்கைக் கழட்டச் சொல்லுறாங்கள். ரீவிக்குப் பின்னால பிளக் இருந்தா எப்படிக் கழட்டுறது?

மிகச் சரியான கேள்வி. ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் இங்கே மாலை இடிமின்னல் கடுமையானது. சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. அதன் சிறு இடைவெளியை மின்னலின் வேகவோட்டம் எளிதில் தாண்டும். பிளக்கையே வெளியே இழுக்க வேண்டும். இதனால்தான் மறைவான பொயின்ற் வைக்கும் வீடுகளில், அந்த வயர் கைக்கு எட்டும் இடத்தில் தொடங்கட்டும் என்று சொல்கிறேன். திரைக்குப் பின்னுள்ள பொயின்ற்றிலிருந்து வரும் வயரைக் கீழே ஒரு பிளக்கில் முடித்து, அதைச் சாதாரண பொயின்ற்றில் செருகும்படி மின்னிணைப்பாளர் அமைத்துத் தரலாம். அல்லது பொயின்ற்றைத் திரையின் கீழ் விளிம்புக்குச் சற்றுக் கீழேயே வைத்து, அந்தச் சிறு பார்வைக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன்.

மின் பிளக்கை இழுத்துவிட்டு அன்ரெனா வயரை மறந்துவிடுகிறார்கள். கூரை அன்ரெனாவிலிருந்தும் டிஷ்ஷிலிருந்தும் வரும் வயர், இணைய வயர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். அவற்றின் முனைகள் திரையின் பக்கத்திலேயே எட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள். இடி தலைக்கு மேல் வந்த பின் வயரைத் தொடாதீர்கள். வானம் கறுக்கும்போதே செய்யுங்கள்.

14. வீடு கடற்கரையில. ஆணி, இஸ்குறூ எல்லாம் துருப்பிடிக்குது. தாங்கி எத்தனை நாளைக்கு நிக்கும்?

உப்புவெளி, நிலாவெளி, சல்லிப் பக்கத்து வீடுகளில் உப்புக்காற்று உள்ளறைவரை வருகிறது. மஞ்சள் பூச்சுள்ள மலிவான திருகாணிகள் விரைவில் துருப்பிடிக்கும். துரு வெளியே தெரியும்போது உள்ளே ஏற்கனவே மெலிந்திருக்கும். சுவரில் போகும் போல்ட்டுகளைத் துருப்பிடிக்காத உருக்கில் வாங்குங்கள். அதிலும் 316 என்ற தரம் உப்புக்கு நன்றாக ஈடுகொடுக்கும். 304 அதற்கு அடுத்தது. தாங்கியின் தகடு பூசிய இரும்பானால், துளையிட்ட விளிம்புகளுக்கும் கீறல்களுக்கும் துருத்தடுப்புப் பூச்சு அடியுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மழைக்காலம் முடிந்ததும் திரையை இறக்கிப் பார்ப்பது நல்லது.

கடலைப் பார்த்த யன்னலுக்கு எதிரே திரையை வைக்காதீர்கள். கூச்சத்தால் படம் தெரியாது. வடகிழக்கிலிருந்து வாடை வீசும் காலத்தில் ஈரவுப்பும் பின்புறக் காற்று வாயில்களுக்குள் போகும்.

15. மழைக்குச் சுவர் ஊறுது. அந்தச் சுவரில மாட்டலாமா?

வடகீழ்ப் பருவமழை இங்கே வடக்கு, கிழக்கு வெளிச்சுவர்களைத்தான் அதிகம் நனைக்கிறது. உட்பக்கத்தில் நிறம் கொப்பளித்தோ வெள்ளை உப்புப் பூத்தோ இருந்தால் அந்தச் சுவர் வேண்டாம். இரண்டு அறைகளுக்கு இடைப்பட்ட உட்சுவரைத் தெரிவு செய்யுங்கள். வேறு சுவரே இல்லையென்றால், முதலில் வெளிப்பூச்சு வெடிப்புகளை அடைத்து, ஒரு மழைக்காலம் கடந்து சுவர் காய்ந்திருக்கிறதா என்று பார்த்த பின் பொருத்துங்கள்.

16. துளை பெரிசாயிட்டு. பிளக் இஸ்குறூவோட சேர்ந்து சுத்துது. தீக்குச்சி வைச்சு இறுக்கலாமா?

கூடாது. ஒரு படத்துக்கு அது போதலாம்; தொலைக்காட்சிக்குப் போதாது. மரக்குச்சி ஈரத்தில் ஊதி, வெயிலில் சுருங்கி, நாளடைவில் தளரும். ஒரு பருமன் பெரிய பிளக்கையும் அதற்கேற்ற திருகாணியையும் போடலாம், அல்லது 7ஆம் கேள்வியில் சொன்ன இரசாயனப் பசையை நிரப்பலாம். சுற்றியுள்ள பூச்சும் கல்லும் உடைந்திருந்தால், இரண்டு மூன்று அங்குலம் நகர்த்திப் புதிய துளை போட்டு, பழையதைச் சாந்தால் அடைப்பதுதான் சரி.

17. கை நீளுற தாங்கி 50 கிலோ தாங்கும் எண்டு போட்டிருக்கு. 15 கிலோ ரீவிக்கு ஏன் பயப்படணும்?

பெட்டியில் எழுதியிருப்பது தாங்கியின் இரும்பு எவ்வளவு சுமக்கும் என்பதை. சுவரிலுள்ள போல்ட் எவ்வளவு பொறுக்கும் என்பது அதில் இல்லை. 15 கிலோகிராம் திரை சுவரிலிருந்து 5 சென்ரிமீற்றர் தள்ளி நிற்கிறது, தகட்டின் மேல் போல்ட்டுகளுக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே 20 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். மேல் போல்ட்டுகளை வெளியே இழுக்கும் விசை 15×5÷20, அதாவது நான்கு கிலோகிராமுக்கும் குறைவான பாரத்துக்குச் சமம். அதே திரையைக் கை 50 சென்ரிமீற்றர் வெளியே நீட்டும்போது 15×50÷20, ஏறக்குறைய 37 கிலோகிராம் ஆகிறது. கையின் சொந்தப் பாரம் இதில் சேரவில்லை. திரையின் பாரம் மாறவில்லை. இழுவை மட்டும் பத்து மடங்கு கூடியிருக்கிறது. கிணற்றுத் துலாவைப் போல, நீளமே பாரமாகிறது.

நீட்டிய கையைப் பிள்ளை பிடித்துத் தொங்கினால் இந்தக் கணக்கு எங்கேயோ போய்விடும். ஆகவே நீளும் தாங்கியைத் திடச் செங்கல்லிலோ கொங்கிறீற்றிலோ மட்டும் பொருத்துங்கள். குழிவான புளொக் சுவரில், முழுச் சுவரையும் ஊடுருவிய போல்ட்டும் மறுபக்கத் தகடும் இல்லாமல் அதைப் பொருத்த நான் யாருக்கும் சம்மதம் சொல்வதில்லை.

18. சாமித்தட்டுக்குப் பக்கத்தில மாட்டினா ஏதும் பிழையா?

இட ஒழுங்கு அவரவர் வீட்டு வழக்கம். பொருளின் பக்கத்திலிருந்து சொல்வதானால், எரியும் விளக்கின் சூடு மேல்நோக்கியே போகும். எண்ணெய்ப்புகையும் சாம்பிராணிப் புகையும் திரையில் படலமாகப் படிந்து, பின்புறக் காற்று வாயில்களிலும் ஒட்டும். விளக்குக்கு நேர் மேலே திரை வேண்டாம். பக்கவாட்டில் இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். குசினி வாசலுக்கு அருகிலும் இதே கவனம் வேண்டும்.

19. வாடகை வீடு. வீட்டுக்காரர் துளை போட விடமாட்டார். வேற வழி?

நிலத்தில் நிற்கும் உயரமான இரும்புத் தாங்கிகள் கிடைக்கின்றன. அகன்ற அடித்தளம் உள்ளதாகப் பார்த்து வாங்கினால் சுவரைத் தொடவே தேவையில்லை. அல்லது பாரமான மேசையில் வைத்து, 1ஆம் கேள்வியில் சொன்ன பட்டியை யன்னல் கம்பியில் கட்டுங்கள். பலகையாலோ தகரத்தாலோ அடைத்த தடுப்புச் சுவருக்கும் இதையே சொல்வேன். ஒட்டுநாடாவால் ஒட்டும் கொளுக்கிகளை நம்பித் தொலைக்காட்சியைத் தொங்கவிடாதீர்கள்.

20. மாட்டி ரெண்டு வருஷம். இப்ப மேல்பக்கம் சுவரை விட்டு ஒரு நூல் விலகி நிக்கிற மாதிரி இருக்கு. விடலாமா?

விடக்கூடாது; இன்றே இறக்குங்கள். தொலைக்காட்சி மேல் போல்ட்டுகளில்தான் தொங்குகிறது. அவை ஒரு நூல் வெளியே வந்திருந்தால், பிளக் வழுக்கத் தொடங்கிவிட்டது அல்லது கல்லின் ஓடு வெடித்துவிட்டது என்று பொருள். திருகாணியை மேலும் இறுக்கிச் சரிசெய்ய முயல வேண்டாம். ஏற்கனவே நழுவிய பிளக் அதனால் இன்னும் வேகமாக வெளியே வரும். முதலில் மின் பிளக்கையும் வயர்களையும் கழற்றி, கீழ்ப் பூட்டைத் திறந்து, இருவராகத் திரையை நிமிர்த்திப் பிடித்தபடியே தூக்கி இறக்குங்கள்.

பிறகு தகட்டையும் கழற்றி, திருகாணியின் நுனியைப் பாருங்கள். நுனிப்பகுதி முழுவதும் துருவென்றால் காரணம் ஈரம் அல்லது உப்பு. 14, 15ஆம் கேள்விகளின்படி செய்யுங்கள். பிளக்கின் வெளிப்புறம் முழுவதும் பூச்சின் தூளாக இருந்தால் அது கல்லை எட்டவேயில்லை, நீளமானது வேண்டும். துளைக்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்க்கும்போது அது தடையின்றி உள்ளே போனால் கல் குழிவானது. அப்போது 7ஆம் கேள்விக்குத் திரும்பி, அங்கே சொன்ன முறைகளில் ஒன்றால் புதிதாகப் பொருத்துங்கள். அதுவரை திரையைக் கட்டிலில் கிடத்தி வைக்காமல், சுவரோரமாக நிமிர்த்தி, கால்களைப் பூட்டி வையுங்கள்.